கீழ்ப்பாதையின் ஆறாம் மாடம்

இதனை வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மணி அவர்களுக்கும் என் வணக்கம்.

பெங்களூரில் தண்டு எனப்படும் பட்டாளப் பகுதியிலுள்ள ரயில் நிலையம் ஒன்றில், ஒரு பிளாட்பாரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தண்டவாளத்தை மிதியாமல் செல்லும் பொருட்டு, பூமிக்குக் கீழே ஒரு நடைபாதை அமைந்துள்ளது. தாங்கள் அதன் வழியே நடந்திருக்கக்கூடும். வண்டி புறப்பட்டுவிடுமோ என்ற கவலையில் நடப்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால், இருபுறச் சுவர்களிலும் மாடங்கள் வெட்டி, அவற்றில் சுண்ணாம்புச் சுதையினால் ஆன ஐந்து பெண்கள் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் மூவர், எதிர்ப்பக்கம் இருவர். மூன்றாமவள் நிற்கவேண்டிய இடத்தில் வெறுஞ்சுவர் உள்ளது.

அது வெறுஞ்சுவர் அன்று. அதன் பின்னால் என் மனைவியின் முகம் இருக்கிறது. அவளுக்கு வேறு படமோ சித்திரமோ கிடையாது. அம்முகத்தை மறுபடி காண விரும்பும் ஒருத்தி, என் மகள், உயிருடன் இருக்கிறாள். அச்சுவரை உடைக்கப்போவதாக இப்பொழுது சொல்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். எவர் பெயரையும் எழுதவில்லை. பெயரில்லாமலே இது விளங்கும்.

நான் பள்ளிக்கூடத்தின் வாயிற்படி மிதித்தவன் அல்லன். எழுத்துகளை ஸ்டேஷன் பலகைகளில் கற்றேன். ஒரே ஊர்ப்பெயர் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதப்பட்டிருக்கும். ஒன்றை யாரேனும் வாசித்துச் சொன்னால் மற்ற இரண்டும் தாமாக விளங்கிவிடும். பின்னர் பொட்டலம் கட்டிய பத்திரிகைத் தாள்களை வாசித்தேன். ஆதலால் என் நடையில் பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும். என் தொழில் சுண்ணாம்பு. அந்தக் கீழ்ப்பாதை கட்டப்பட்டபோது நான் சுண்ணாம்பு மேஸ்திரி. கட்டி முடித்த பின்னர் அதனைப் பழுது பார்ப்பவனாக என்னையே வைத்துக்கொண்டார்கள்.

அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதை முதலில் சொல்லவேண்டும். மண்ணைத் தோண்டி, இரு பக்கமும் கருங்கல் அடித்தளம் போட்டு, அதன்மேல் செங்கல்லால் சுவர் எழுப்பி, கூரையை வில்போல் வளைத்துக் கட்டினோம். வளைவின்மேல் மண், மண்ணின்மேல் தண்டவாளம். வண்டி போகும்போது கீழே நிற்பவருக்குச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னரே உள்ளங்காலில் தெரியும். விளக்குக் கம்பங்கள் அவசியமில்லாதபடி, பிளாட்பாரத்தின் தளத்தில் கனத்த கண்ணாடிக் கட்டிகளை இரும்புச் சட்டத்தில் பதித்திருந்தார்கள். பகல் வெளிச்சம் அவற்றின் வழியே பச்சை கலந்து கீழே இறங்கும். மேலே ஜனங்கள் நடக்கும்போது அவர்களுடைய பாதங்களின் நிழல் கீழே சுவரில் ஊரும். தரையில் பூப்போட்ட சிமெண்டு ஓடு பதித்தோம். சுவரின் இடுப்பளவு உயரம்வரை காவிச் சிவப்பு. அதற்குமேல் முட்டையின் வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய வெள்ளைக் காரை. அம்மெருகில் முகம் தெரியும்.

மாடங்களில் என்ன வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, வேலையை நடத்திய வெள்ளைக்கார இஞ்சினியர் துரை தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சாமி வேணாம், மேஸ்திரி. ஒரு சாமி வெச்சா இன்னொரு ஆள் சண்டைக்கு வரும். பொண்ணு போடு. மார்க்கெட் பொண்ணு. பூ, பழம், பால், எல்லாம் இந்த ஊர் சாமான்."

சுதை வேலைக்கு வந்தவன் என் மனைவியின் தம்பி. கோபுர வேலை செய்து பழகியவன். துரை வரைந்து கொடுத்த படங்களை அவன் தரையில் பரப்பி, நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"மாமா, இந்தப் பொம்பளைங்க மூக்கைப் பாத்தியா? இந்த மூக்கை வெச்சிக்கிட்டு எவ குழாயடில நிப்பா?"

என் மனைவி அப்போது பகற்சோறு கொண்டுவந்திருந்தாள். கேழ்வரகுக் களியும் கீரையும். அவளும் குனிந்து பார்த்தாள்.

"மூக்கு கெடக்கட்டும். இடுப்புல குடத்தை வெச்சவ இப்படித் துடைப்பங்குச்சி மாதிரி நிப்பாளா? இந்தப் பக்கம் சாயணும். இதோ பாரு."

அங்கே கிடந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்து, ஒரு தோளைத் தாழ்த்தி, மறுகையைத் தளர விட்டு நின்று காட்டினாள். அவன் கரித்துண்டால் சுவரிலேயே அதனைக் கோடாக இழுத்துக்கொண்டான். "அசையாத அக்கா" என்றான். "எனக்கு வேலை இல்லையா?" என்று குடத்தை வைத்துவிட்டாள். அவ்வளவே. அவள் நின்றது ஒரு களியுருண்டை ஆறும் நேரம்கூட இராது.

ஆறு பெண்களில் ஒருத்தியின் கையில் பூக்கூடை. ஒருத்தியின் கையில் திராட்சைக் குலை. ஒருத்தி பால் செம்பு ஏந்தியவள். ஒருத்தி பட்டுநூல் கண்டு பிடித்தவள். ஒருத்தி மடியில் காலிபிளவர் வைத்தவள். கடைசி மாடத்தில் குடம் ஏந்தியவள். காலிபிளவரை என் மைத்துனன் அதுவரை கையால் தொட்டதில்லை. மார்க்கெட்டில் ஒன்று வாங்கிவந்து, "இது காயா மாமா, யாரு மண்டையையாவது திறந்து வெச்சிருக்கானா?" என்றான். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்து முடிப்பதற்குள் அது அழுகிவிட்டது. அக்காவும் தம்பியும் அதைப் பற்றி வெகுநாள் சிரித்தார்கள்.

கண்களைப் பற்றிச் சொல்லவேண்டும். சுதைக்காரர் வழக்கத்தில் உருவத்துக்குக் கண் திறப்பது கடைசி வேலை. அது தெய்வத்துக்கு மட்டும் செய்யும் சடங்கு. விரதமிருந்து, குளித்து, ஈர வேட்டியுடன், ஊசிமுனையால் கருவிழியைக் கீறித் தேன் தொட்டு வைப்பார்கள். முதற்பார்வை எவர் மேலும் விழாதிருக்க எதிரில் கண்ணாடி பிடிப்பார்கள். இவை தெய்வங்கள் அல்லவே. ஆகையால் என் மைத்துனன் கண்ணைத் திறவாமல், இமைகளுக்குள் உருண்டையை வழவழப்பாக விட்டுவிட்டான். துரை அதில் குறை காணவில்லை. "எங்க ஊர்ல கல்லுப் பொம்மைக்கும் இப்படித்தான். அச்சா" என்றார்.

ஐந்து பெண்கள் முடிந்திருந்தபோது மழைக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். திரும்பக் கொண்டுவந்தோம். இறந்தாள். எங்கள் மகளுக்கு அப்போது பேச்சு திருத்தமாக வரவில்லை.

மயானத்திலிருந்து திரும்பிய மறுநாள் நான் வேலைக்குச் சென்றேன். சுண்ணாம்புக் குழியை அடுப்பைப் போல அணைத்துவிட்டு வர இயலாது. வெல்லத் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் விட்டுப் புளிக்கவைத்ததை நாள்தோறும் கிளறவேண்டும். விட்டால் பொருக்குக் கட்டிவிடும். நான் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் கல் மனசு என்றார்கள். எனக்குள் ஏதோ ஒன்று நீர் படாத சுண்ணாம்புக் கல்லைப் போல் கிடந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாயிருக்கும். ஆனால் அது உண்மையன்று. ஒன்றும் கிடக்கவில்லை. கை வேலை செய்தது. சோறு கொண்டுவர ஆளில்லாததால் பகலில் உண்ணவில்லை, பசியும் எடுக்கவில்லை.

என் மைத்துனன் கடைசி மாடத்தில் வேலையைத் தொடர்ந்தான். ஒரு நாள் காரை அளந்து கொடுக்கச் சென்றபோது நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தோள் தாழ்ந்து, மறுகை தளர்ந்து, குடத்துடன் அவள் நின்றாள். இடது புருவத்தின் நடுவில் ஒரு கீறல் இருந்தது. மணமான புதிதில் என் குழியில் கொதித்த சுண்ணாம்பு தெறித்து அவளுக்கு அவ்விடத்தில் முடி முளைக்காமல் போயிற்று.

"புருவத்துல என்னடா கீறல்?" என்று கேட்டேன்.

"கரணை பட்டுடுச்சி மாமா."

"அழிச்சிடு."

"காஞ்சிடுச்சி."

அது காயவில்லை. விரல் வைத்தால் பதியும் ஈரம் இருந்தது. நான் விரல் வைக்கவில்லை. காரைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

பாதை திறப்பதற்குச் சில நாள் இருக்கையில், விடியற்காலையில், முதல் வண்டிக்கு முன்னால் அவன் வந்தான். ஈர வேட்டி. கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, ஊசி, இலையில் தேன். சுண்ணாம்பு வாளியுடன் நான் அங்கே நின்றிருந்தேன்.

"என்னடா இது? தொரை வேணாம்னு சொன்னாரே."

"சாமிதான் வேணாம்னாரு. மத்த அஞ்சு பேரும் யாரோ எவளோ, கண்ணில்லாம நிக்கட்டும். எங்க அக்காவை என் கையாலயே குருடியா நிறுத்தச் சொல்றியா?"

நான் வாளியைத் தரையில் வைத்தேன்.

"எதிர்ல நிக்காத மாமா. ஒதுங்கு."

ஒதுங்கினேன். அவன் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கீறினான். ஆகவே அவள் முதலில் கண்டது தன்னையே.

பின்னர் ஒரு நாள் என் மகளைத் தோளில் தூக்கிச் சென்று காட்டினேன். கண்ணாடிக் கட்டிகளின் வெளிச்சம் அந்தக் கடைசி மாடத்தின்மேல் நேராக விழும். குழந்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா ஏன் வெள்ளையா இருக்குது?"

"சுண்ணாம்பும்மா."

"புருவத்துல?"

"அதுவும் சுண்ணாம்புதான். தெறிச்சிடுச்சி."

அதன் பிறகு அம்மா எப்படி இருப்பாள் என்று எவரேனும் கேட்டால் என் மகள் கீழ்ப்பாதையைச் சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு அம்மா என்று அறிமுகமானது அந்த முகம்தான்.

பாதை திறந்தார்கள். ஜனங்கள் நடந்தார்கள். ஆறு பெண்களில் ஒருத்திக்கு மட்டும் கண் இருந்தது. நம்மவர்கள் திறந்த கண்ணைக் கண்டால் அது எதற்காகத் திறந்தது என்று கேட்பதில்லை, கைகூப்பிவிடுவார்கள். முதலில் குடத்தின் விளிம்பில் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது. படிக்கட்டில் பூ விற்றவள்தான் வைத்திருக்கவேண்டும். அவள் எனக்கு விளக்கமும் சொன்னாள்.

"மேஸ்திரி, நீ இந்தக் கோடிக்குப் போனாலும் அந்தக் கோடிக்குப் போனாலும் அந்தக் கண்ணு கூடவே வருது. பாத்தியா?"

"வரலை அக்கா. சுவத்துல ஒட்டியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ சுண்ணாம்பைப் பாக்கறவன். நெத்தியில பாரு, மூணாவது கண்ணு மூடின தழும்பு. புருவத்துலயே வெடிச்சிருக்குது."

பின்னர் எவளோ ஒருத்தி மஞ்சளை நீரில் குழைத்து முகத்தில் பூசினாள். காரை இன்னும் உள்ளே ஈரமாயிருந்த காலம். மஞ்சள் சுண்ணாம்பில் பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கத் தெரிந்த ஒவ்வொரு பெண்ணும் இதனை அறிவாள். ஆயினும் அந்த முகம் அவர்கள் கண்ணெதிரே சிவந்தபோது, தாம்பாளத்தில் தினமும் காண்பதை அவர்கள் மறந்தார்கள். அம்மன் முகம் சிவந்தாள் என்று தண்டு முழுவதும் பேச்சாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் ஏற்றினார்கள்.

சுவரைச் சுத்தமாக வைப்பது என் வேலை. ஆகவே தினமும் காலையில் ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தேன். நெற்றி, கன்னம், மோவாய், பின்னர் கற்பூரக் கரி படிந்த கழுத்து. உயிருடன் இருந்த காலத்தில் நான் அவ்வாறு அவள் முகத்தைத் துடைத்ததில்லை. காய்ச்சலில் துடைத்தவள் என் அக்காள். துடைத்தேன், பிழிந்தேன், அடுத்த மாடத்துக்குச் சென்றேன். வேறு ஏதேனும் தோன்றியதா என்று கேட்டால், துணி சீக்கிரம் நைந்துபோகிறதே என்று தோன்றியது.

இவ்வாறு மூன்று நான்கு வருஷங்கள் சென்றன. என் மகள் எனக்குப் பகற்சோறு கொண்டுவரும் அளவுக்கு வளர்ந்தாள். ஓர் ஆடி வெள்ளியன்று தூக்குப்பாத்திரத்துடன் வந்தவள் மாடத்தின் எதிரே நின்றுவிட்டாள். பெண்கள் கூட்டம். நான் சற்றுத் தொலைவில் தரை ஓட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பேசியது என் காதில் விழுந்தது.

"தள்ளு பாப்பா. ஆத்தாளை மறைக்காத."

"இது ஆத்தா இல்ல. எங்கம்மா."

"என்னாது?"

"எங்கம்மா. புருவத்துல பாருங்க, சுண்ணாம்பு தெறிச்ச காயம். கொதிச்சிது, தெறிச்சிடுச்சி."

கூட்டம் அடங்கியது. பூக்காரி மெல்லக் குனிந்தாள்.

"கேட்டீங்களாடி? காயமாம். கொதிக்குதாம். பாப்பா வாயில வந்து சொல்றா. தாயே, நாங்க என்ன குறை வெச்சோம்?"

ஒருத்தி என் மகளின் காலைத் தொட்டாள். குழந்தை பயந்து பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் சோறுதான் கொண்டாந்தேன்" என்றாள். "சோறு குடுக்கணும்."

"சோறு கேக்குறா! ஆத்தா சோறு கேக்குறா!"

நான் எழுந்து சென்று அவளைத் தூக்கிக்கொண்டேன். "என் பொண்ணு இது. எனக்குச் சோறு கொண்டாந்திருக்கு" என்று சொன்னேன். சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. தந்தையே பக்கத்தில் நிற்கிறான் என்று எனக்கும் ஒரு கும்பிடு கிடைத்தது. என் மகள் என் தோளில் முகத்தை வைத்து, "நான் நிஜந்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். "நிஜந்தான்" என்றேன்.

அடுத்த வெள்ளியன்று கீழ்ப்பாதையின் வாயிலில் அடுப்புகள் மூட்டிவிட்டார்கள். பொங்கல் பானைகள். புகை வளைவுக் கூரைக்குள் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கியது. வெளிச்சம் மறைந்தது. வழிந்த கஞ்சியில் ஒருவர் வழுக்கி விழுந்தார்; பலர் வண்டியைத் தவறவிட்டார்கள். அன்று மாலையே ஸ்டேஷன் மாஸ்டர் என்னை அழைத்தார். மல்லேஸ்வரத்துக்காரர், கடுஞ்சொல் பேசாதவர்.

"உம் பொண்ணு சாமியாடினாளாமே, மேஸ்திரி?"

"ஆடலைங்க ஐயா. சோறு கொண்டாந்தா."

"சரி, அது போகட்டும். மேலேர்ந்து உத்தரவு வந்தாச்சு. அது சாமின்னா ஸ்டேஷனுக்குள்ள இருக்கப்படாது. பேத்து எடுத்து வெளில மரத்தடில வெச்சுக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்ல. வெறும் பொம்மைன்னா சுவரோட சுவரா மூடிடணும். எனக்கு ஒரே வார்த்தை வேணும். கூட இருந்து கட்டினவன் நீ. சொல்லு, அது என்ன?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. என் மனைவி என்ற மூன்றாவது பதில் ஒன்று இருந்தது. அதற்கு அவருடைய உத்தரவில் இடமில்லை. ஒரு கூலிக்காரன் பெண்டாட்டி ரயில்வே சுவரில் ஏன் நிற்கிறாள் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். சாமி என்று சொன்னால் பெயர்ப்பார்கள். சுதை உருவம் சிலையைப் போலத் தனித்து நிற்பதன்று. அதன் எலும்பு சுவரின் செங்கல். சதை மட்டுமே சுண்ணாம்பு. உளி வைத்தால் முகம் முதலில் உதிரும். மூடினால் இருக்கும்.

"பொம்மைதாங்க ஐயா" என்றேன்.

"நல்லது. நீயே மூடிடு."

பூக்காரி படிக்கட்டில் நின்று, "ஆத்தா உன்னை சும்மா விடமாட்டா" என்றாள். "சரி" என்றேன். மறுநாளும் அவள் அதே படியில் பூ விற்றாள்.

என் மைத்துனன் செய்தி கேட்டு வந்தான். வேறு வேலையிலிருந்து நேராக வந்ததால் முழங்கைவரை சுண்ணாம்பு.

"எங்க அக்காவைப் பொம்மைன்னு சொல்லிட்டியாமே மாமா."

"ஆமா."

"நாக்கு கூசலை?"

"பேத்தா தூளாயிடும்டா. உனக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரியும். வெகுநேரம் முழங்கையில் காய்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"திறந்தவன் நானு" என்றான் பிறகு. "கண்ணை முழிச்சிக்கிட்டு இருக்கறவ மேல எப்படி மாமா காரையை அப்புவ? நான் மூடிக் கொடுக்கறேன். அதுக்கப்புறம் நீ செய்."

பகலில் பாதையின் இரு கோடியிலும் பலகை கட்டி, மராமத்து என்று மூன்று பாஷையிலும் எழுதிவைத்தோம். அவன் தேன்மெழுகை உருக்கி, இரு கண்களின்மேலும் விரலால் மெழுகினான். இமை போல் மெல்லியதாக. பின்னர் மடியிலிருந்து துணி ஒன்றை எடுத்தான். மடிப்புக் கலையாத புதிய மல் துணி.

"பழைய துணி போதுமே" என்றேன்.

"போத்தறதுக்குப் பழசு ஆகாது மாமா."

அவளை மயானத்துக்குக் கொண்டுசென்றபோதும் புதிய துணி போர்த்தியிருந்தோம். அதனை வாங்கிவந்தவனும் அவனே என்பது அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது. அன்று நான் யார் எதை வாங்கினார்கள் என்று பார்த்திருக்கவில்லை.

துணியைத் தலைமுதல் குடத்தின் அடிவரை விரித்து, ஓரங்களை மாடத்தின் விளிம்போடு மெழுகால் ஒட்டினோம். பின்னர் நான் காரையைக் கலந்தேன். சுண்ணாம்பு குறைவு, மணல் அதிகம். வெல்லத் தண்ணீர் விடவில்லை, கடுக்காய் விடவில்லை. கையால் தட்டினாலே பொடிந்துவிடும் காரை. என் தொழிலில் நான் தெரிந்தே கெட்ட காரை கலந்தது அந்த ஒரு முறைதான். துணிக்கும் காரைக்கும் இடையில் மணலைத் திணித்து மாடத்தை நிரப்பி, மேலே மட்டும் ஒரு மெல்லிய நல்ல பூச்சுப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்தேன். மெருகு வந்தது. அதில் எங்கள் இருவர் முகங்களும் தெரிந்தன. பலகைகளை அவிழ்த்தோம். ஜனங்கள் நடந்தார்கள்.

மறுநாள் என் மகள் சோறு கொண்டுவந்தாள். வெறுஞ்சுவரைப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைக் கொடுத்துவிட்டு, அவ்விடத்தில் நடையை விரைவாக்காமலும் தாமதிக்காமலும் கடந்து சென்றாள். அன்றுமுதல் அவள் மணமாகிப் போகும்வரை அம்மாவைப் பற்றி வெளியாரிடம் பேசி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னதால் அது போயிற்று என்று அவள் நினைத்திருக்கக்கூடும். அப்படியன்று என்று நான் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு.

சண்டைக் காலம் வந்தது. சிப்பாய்கள் கூட்டங்கூட்டமாக அப்பாதையில் இறங்கி ஏறினார்கள். ஆகாய விமானம் குண்டு போட்டால் ஒதுங்குவதற்கென்று மணல் மூட்டைகளை ஆறாம் மாடத்துச் சுவரோரம் அடுக்கினார்கள். கண்ணாடிக் கட்டிகளுக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். குண்டு ஒன்றும் விழவில்லை. மூட்டைகளை எடுத்த பின்பு சுவரைத் தடவிப் பார்த்தேன். உப்புப் பூக்கவில்லை, ஈரம் ஏறவில்லை. அத்துடன் எனக்கு வயதாகிவிட்டதென்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கண்ணாடியிலிருந்த கறுப்புச் சாயத்தை இன்றுவரை யாரும் முழுவதும் சுரண்டவில்லை.

என் மைத்துனன் சண்டை முடியும் முன்னரே காலமானான். அவ்விடத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்தவன் நான் ஒருவனே.

இவ்வருஷம் என் மகளுக்குத் தொம்மலூரில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த பெண்கள் வழக்கம்போல் மூக்கு யார், நெற்றி யார் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் போன பின்னர் என் மகள் குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"அப்பா, அம்மா ஜாடை இருக்குதா?"

பார்த்தேன்.

"தெரியலைம்மா."

"என்னப்பா, உனக்கே தெரியலைன்னா?"

"எனக்கு ஞாபகத்துல வர்றது சுவத்துல இருந்த மூஞ்சிதான். அதுவும் துடைக்கறப்ப எப்படி இருந்துதோ அப்படி. வெள்ளையா."

அவள் குழந்தையின் புருவத்தை விரலால் நீவினாள்.

"அப்ப அதையே பாத்துச் சொல்லலாமே. இன்னும் இருக்குதா அது?"

அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். மெழுகு, துணி, மணல், கெட்ட காரை, எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை; அதில் அவள் என் மகள். "உடைச்சிப் போட்டுட்டாங்கன்னுதான் இத்தனை நாளும் நெனைச்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நான் நிலையத்துக்குச் சென்றேன். இப்போதுள்ள மாஸ்டர் இளையவர்; மரியாதை தெரிந்தவர். கூட்டம் பெருகிவிட்டதால் கீழ்ப்பாதைக்கு மற்றொரு படிக்கட்டு இறக்கப்போகிறார்கள் என்றும், அது அந்த வெறுஞ்சுவர் இருக்கும் இடத்திலேயே வரும் என்றும் சொன்னார். எப்பொழுது என்று அவருக்கே தெரியாது. சுவரை இப்பொழுதே திறந்து பார்க்க அனுமதி கேட்டேன். ரயில்வே சுவரைத் தம்மால் தொட முடியாதென்றும், உடைக்கும் காலத்தில் ஆவன செய்யலாமென்றும் சொன்னார். அந்தக் காலம்வரை நான் இருப்பேன் என்று சொல்வதற்கில்லை. சம்மட்டி பிடிப்பவனுக்கோ அது எல்லாச் சுவரையும் போல ஒரு சுவர்.

ஆகவே உடைக்கும்போது செய்யவேண்டியதை எழுதுகிறேன். சம்மட்டி வேண்டாம். மேற்பூச்சை நீர் தெளித்து நனைத்து, மாடத்தின் இடப்பக்க ஓரத்திலிருந்து மூங்கிற் சிம்பால் நெம்பினால் பாளமாக வரும். உள்ளே காரை தானே பொடியும்; மணல் கொட்டும். மணலைக் கையால் அள்ளவேண்டும். பின்பு துணி தென்படும். துணியை இழுக்காமல், ஓரத்து மெழுகை வெந்நீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். கண்களின் மேலுள்ள மெழுகையும் அவ்வாறே. முகம் தெரிந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிடவேண்டும். தொம்மலூரில் சுண்ணாம்பு மேஸ்திரி மகள் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். அவளையும் குழந்தையையும் அழைத்துவந்து, கண்ணாடிக் கட்டியின் வெளிச்சம் விழும் நேரத்தில் பார்க்க விடவேண்டும். அவர்கள் பார்த்துவிட்ட பின்னர் படிக்கட்டுக்கு என்ன தேவையோ அதைச் செய்துகொள்ளலாம்.

ஐயா, அம்மணி, இவ்வெழுத்தைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.